ஒரே நாளில் இரண்டு கலியாணம்

பெற்றோலுக்குத் தடை இருந்த காலம். உரும்பிராயில் மண்ணெண்ணெயில் ஓடிய என் காரைக் கலியாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டினேன். சைவர்கள் தமிழ் மாதத்தில் திகதி சொல்வார்கள். கிறிஸ்தவர்கள் ஆங்கில மாதத்தில். சொன்னபடியே கொப்பியில் எழுதினேன். ஆவணி பன்னிரண்டும் ஓகஸ்ட் இருபத்தெட்டும் ஒரே நாள் என்று பார்க்கவில்லை. கலண்டரில் இரண்டும் ஒரே தாளில்தான் இருந்தன. மடையன் நான்.

அன்று அச்சுவேலி மாப்பிள்ளையை ஏற்றிப் போனேன். மறுநாள் காலை, மற்றக் கலியாணத்து வட்டுக்கோட்டைப் பெண்ணின் தகப்பனை என் வீட்டுப் படலையில் கண்டபோதுதான் பிழை விளங்கியது.

"பிள்ளையைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டுபோய்க் கோயிலிலை விட்டன். உமக்கு என்ன நடந்தது, தம்பி?"

"கார் வழியிலை நிண்டிட்டுது ஐயா. பிளக் பழுது." வாய் கூசாமல் சொன்னேன்.

பின்னேரம் அவ்வளவு தூரமும் திரும்ப மிதித்து வந்தார். துணியில் சுற்றிய ஒரு பிளக்கை நீட்டினார். அந்த நாளில் எங்கே தேடினாலும் கிடைக்காத சாமான்.

"என்ரை கார் எப்பவோ படுத்திட்டுது. இது உமக்கு உதவும்."

அதற்குப் பிறகு இரண்டு திகதியையும் சேர்த்து எழுதாமல் யாருக்கும் ஓம் சொன்னதில்லை. அந்தப் பிளக்கைக் காரில் பூட்ட மனம் வரவில்லை. திருப்பிக் கொடுப்பதென்றால் உண்மையைச் சொல்லவேண்டும். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.