மஞ்சள் ஒட்டாத கலியாணக் காட்

மகளின் கலியாண அழைப்புக் காட்டுக்குக் கடதாசி தெரிவு செய்த பெருமை என்னுடையது. எழுவைதீவில் இருக்கும் மனைவியின் தமையனுக்குப் படகில் போய்த்தான் காட் கொடுக்கவேண்டும். கடல் தண்ணீர் தெறித்தால் சாதாரணக் கடதாசி ஊறிப்போகும். ஆகவே தண்ணீர் இறங்காத கடதாசியாகக் கேட்டு வாங்கினேன்.

காட்டுகள் வந்ததும் மனைவி மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து ஒரு காட்டின் மூலையில் வைத்தாள். அது முத்துமுத்தாகத் திரண்டு உருண்டது. மிஞ்சியது காய்ந்ததும் உதிர்ந்தது.

நான் விளக்கினேன். கடதாசி வெறும் நார். நாருக்குத் தண்ணீர் என்றால் உயிர். அதனால் கூழாக இருக்கும்போதே மெழுகுக் குணமுள்ள இரசாயனம் ஒன்றைக் கலக்கிறார்கள். அது நாரை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு முதுகைக் காட்டி நிற்கும். முன்பு இந்த வேலையை மரப்பிசினும் படிகாரமும் பார்த்தன.

மனைவி பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மஞ்சள் இல்லாத காட் செத்தவீட்டு அந்தியேட்டிக்குத்தான் குடுக்கிறது. அண்ணை வரமாட்டார். தாய்மாமன் இல்லாமல் பிள்ளையை உங்கட கெமிஸ்ரியோ மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போகும்?"

பயம் நியாயமானது. வீடு குடிபுகுந்தபோது போனில் சொன்னோம் என்பதற்காகவே வராமல் விட்ட மனிதர் அவர்.

நாலு மூலையிலும் மஞ்சளைத் தடிப்பாக அப்பி, காய்ந்து உதிர்வதற்குள் கொண்டுபோகச் சொன்னாள். வெள்ளைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஊர்காவற்றுறையில் படகேறினேன். வழக்கம்போலக் கடல் என்னை முழுக்காட்டியது.

இரசாயனம் சொன்ன சொல் தவறவில்லை. காட்டில் ஓர் எழுத்தும் கரையவில்லை. மஞ்சள்தான் மருந்துக்கும் இல்லை. மைத்துனர் முன்னும் பின்னும் திருப்பினார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலைகளைத் தடவிப் பார்த்தார். முகம் இறுகியது. நான் நார், மெழுகு என்று தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார். அவர் பார்வை என் நெஞ்சில் நின்றது. சட்டையும் நார்தான், அதற்கு யாரும் மெழுகு கலக்கவில்லை.

"மஞ்சள் முழுக்க உம்மட சேட்டிலயெல்லே கிடக்கு, மச்சான்," என்றார். "இந்தக் காட்டை நீரே வைச்சிரும். சேட்டைக் கழட்டித் தாரும். அதுக்கு நான் வாறன்."

பனியனோடு வீடு திரும்பினேன். அண்ணை வருவார் என்று கேட்ட சந்தோசத்தில் மனைவி என்னைச் சரியாகப் பார்க்கவே இல்லை.