நிலா இழுத்துட்டு வந்த கலயம்

...அதான் சொல்றேன் தங்கச்சி, மேல்மாடிக்காரி சொல்றதுல பாதி பொய். பொண்டாட்டி மேல உள்ள கோவத்துலதான் எங்க வீட்டுக்காரரு சாம்பல் கலயம் கரைக்கே திரும்பி வந்துச்சுன்னு, லிஃப்டுல ஏறுறவங்க எறங்குறவங்க எல்லாருக்கும் சொல்லிட்டுத் திரியுறாளாம். கலயம் வந்தது நெசம்தான் லா. கோவமாவது, கத்திரிக்காயாவது! அந்த மனுசனுக்குக் கோவம் வந்தா பாசார் கடைத்தெருவுக்குப் போயி ஒரு கோப்பி குடிப்பாரு. திரும்பி வரும்போது கையில எனக்குன்னு ஒரு பொட்டலம் பலகாரம் இருக்கும். அம்புட்டுத்தான் அவரு கோவம்.

நடந்தது என்னன்னா, எரிச்ச மறுநாள் சாம்பலை அள்ளி மண் கலயத்துல போட்டு, மஞ்சத்துணியால வாயைக் கட்டி, தஞ்சோங் பூங்கா கடலுக்குக் கொண்டு போனோம். படகுக்காரரு வயசான மலாய்க்காரரு. தண்ணியப் பாத்துட்டு, "துங்கு டுலு, ஆயர் பாசாங்"ன்னாரு. தண்ணி ஏறுது, எறங்குற வரைக்கும் பொறுங்கன்னு. எங்க பெரியவன் கேக்கணுமே! கையில போனை வச்சுக்கிட்டு, "அம்மா, ராகுகாலம் வந்துரும், அதுக்குள்ள விட்டுறணும்"ங்குறான்.

"ஏண்டா, படகுக்காரரு பொறந்ததுல இருந்து இந்தத் தண்ணியிலயே கெடக்குறாரு. அவரு சொல்றதக் கேளேன்"னேன்.

"அவருக்கு ராகுகாலம் தெரியுமாம்மா?"

"உனக்குக் கடல் தெரியுமாடா?"

கேக்கல. படகு போயிருச்சு. பொம்பளைங்க நாங்க மணல்லயே நின்னோம். பெரியவன் கலயத்த முக்கி விடாம, அப்பாவாச்சேன்னு பூ மாதிரி தண்ணி மேல எறக்கி வச்சிருக்கான். வாயை இறுக்கிக் கட்டியிருந்தா உள்ள தண்ணி எப்படிப் போகும்? அது பாட்டுக்கு மெதந்துச்சு. ஏறுற தண்ணி தள்ளத் தள்ள, படகு கரைக்கு வந்த கொஞ்ச நேரத்துல கலயமும் ஆடி ஆடி வந்து மணல்ல தட்டி நின்னுச்சு. எங்கன்னு நெனைக்கிற? எங்க சின்னவ காலுகிட்ட.

அவ சிட்னியில நர்ஸ் வேலை பாக்குறாள்ல, ஃபிளைட்டு கெடைச்சு வந்து சேர்றதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சு போச்சு. அப்பா மொகத்தப் பாக்கல. கலயத்தப் பாத்ததும் அப்படியே தண்ணியில உக்காந்துட்டா. சீலையெல்லாம் நனையுது, எந்திரிக்க மாட்டேங்குறா. "நான் வரலைன்னுதானேம்மா அப்பா தேடி வந்துட்டாரு? இனி நான் திரும்பிப் போக மாட்டேன். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவ இங்கயே இருந்தா எனக்குக் கசக்குமா, சொல்லு? ஆனா பயந்துக்கிட்டு இருக்குறது ஒரு இருப்பா? அங்க அவ புருசன், புள்ளைங்க எல்லாம் காத்துக்கிட்டு கெடக்குதுங்க.

பெரியவன் மகதான் பக்கத்துல போயி உக்காந்தா. ஸ்கூல்ல சயின்ஸ் சொல்லிக் குடுக்குறவ. "அத்தை, தாத்தா உங்கள மெரட்ட வரல. நிலா கடலை இழுக்குது, தண்ணி ஏறுது. தண்ணியோட கலயமும் வந்துச்சு."

"அம்புட்டு உசரத்துல இருந்தா?"ன்னேன் நான்.

"ஆமா பாட்டி. எல்லாத்துக்கும் எல்லாத்து மேலயும் ஒரு இழுப்பு உண்டு."

சின்னவ மெல்லத் தலையத் தூக்குனா. "தூரம் போனா அந்த இழுப்பு கொறையும்ல?"

"கொறையும் அத்தை, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு மடங்கு தூரம் போனா நாலுல ஒரு பங்குதான் இருக்கும். மூணு மடங்கு போனா ஒம்போதுல ஒரு பங்கு."

"அப்புறம் எந்த எடத்துல முடியும்?"

"முடியாது. கொறஞ்சுக்கிட்டே போகும். இல்லாமப் போகவே போகாது."

நான் சும்மா இருப்பேனா? "தாளிக்கிற வாசம் மாதிரியாடி?"ன்னேன்.

"இல்ல பாட்டி, வாசம் கதவச் சாத்துனா நின்னுரும். இது சுவரு எழுப்புனாலும் நிக்காது."

அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு தங்கச்சி. கதவச் சாத்த முடியாத ஒண்ணு இருக்குன்னு கேக்க எம்புட்டு நல்லாருக்கு! "அப்ப சிட்னிக்கும் எட்டுமா?"ன்னேன். "எட்டும், ஆனா உங்களுக்குத் தெரியாது. அம்புட்டு சின்னது"ன்னா. நம்மளச் சந்தோசப்படுத்தணும்னு ஒரு சொட்டு கூட்டிச் சொல்ல மாட்டா அந்தப் புள்ள.

சின்னவ கலயத்த மடியில தூக்கி வச்சுக்கிட்டா. யாரும் ராகுகாலம் பேச்சே எடுக்கல. வெயில் சாயுற வரைக்கும் மரத்தடியில உக்காந்திருந்தோம். தண்ணி பின்னால போயி சேறு தெரிய ஆரம்பிச்சதும் படகுக்காரரு கை காட்டுனாரு. இந்தத் தடவ சின்னவ நானும் வர்றேன்னா. அண்ணங்காரன் வேணாங்கல. நடுக்கடல்ல அவளே முடிச்ச அவுத்து, கலயத்தச் சாச்சுப் பிடிச்சு, தண்ணி உள்ள போகப் போக, "போங்கப்பா"ன்னு சொன்னாளாம். முங்கிருச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு அவளும் கெளம்பிட்டா. ஏர்போட்டுல என்னக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "கொறஞ்சாலும் இருக்கும்ல அம்மா?"ன்னா. இருக்கும்டீன்னேன். பூமிக்கும் நிலாவுக்கும் தூரம் அளந்து வச்சிருக்காங்களாம். அவரு இப்ப எம்புட்டு தூரத்துல இருக்காருன்னு யாரு அளக்குறது? சில நாளு சாப்பிட உக்காந்தா, சாமி சத்தியமா, பக்கத்துல இருக்குற மாதிரியே இருக்கு. சில நாளு ஒண்ணுமே தெரியல. சின்னதாப் போயிருக்கும்னு நெனச்சுக்குவேன்.

அய்யய்யோ, தூறல் போடுது பாரு! சின்னவளுக்கு மசாலாத் தூள் அரைச்சு அனுப்பணும்னு கீழ பாயில மல்லியும் மிளகாயும் காயப் போட்டிருக்கேன். வா வா, அந்தப் பக்கத்துப் பாயை நீ சுருட்டு...