பத்தொன்பதாம் நாள் உபவாசம்

கட்டடம் கட்டும் இடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறவரை எல்லோரும் மேலோகத்தார் என்றே கூப்பிட்டார்கள். இருபது மாடி உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெயர்தான் பெரிய பெயர், ஆள் பயந்தாங்கொள்ளி. உயரத்துக்குப் பயமில்லை, ஆண்டவருக்குத்தான். ஐம்பது வயதாகியும் விசுவாசத்தில் வளராமல் நிற்கிறோமே, கடைசி நாளில் என்ன முகத்தோடு போய் நிற்பது என்று நினைத்தாலே அவருக்குத் தூக்கம் போய்விடும்.

அதனால் ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு இருபத்தோரு நாள் பொருத்தனை. விடியுமுன் எழுந்து முழங்கால் ஜெபம், வேதத்தில் மூன்று அதிகாரம், பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும். உபவாசம் வெளியே தெரியக் கூடாது என்று போதகர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். முகம் கழுவி, தலை வாரி, சிரித்த முகமாக வேலைக்குப் போவார். மனைவி கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டைக் காவலாளிக்குக் கொடுத்துவிடுவார்.

கிரேன் ஏறுமுன் தினமும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தூங்கினாயா, சாப்பிட்டாயா, உடம்பு சரியாக இருக்கிறதா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் ஆம் என்று எழுதினார். ரகசியத்தைக் காப்பாற்றத்தானே பொய், அதெல்லாம் கணக்கில் வராது என்று சமாதானம் வேறு. நல்ல நியாயம்!

பத்தொன்பதாம் நாள் பதினொரு மணிக்கு மூன்று டன் கம்பிக் கட்டு கொக்கியில் தொங்க, அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் கட்டு ஆடியது. கீழே தளத்தில் ஏழு பேர். கையில் வாக்கி டாக்கியோடு சைகை காட்டிக்கொண்டு நின்றது அவருடைய தங்கை புருஷன்.

சொன்னால் அத்தனை பேர் காதிலும் விழும். பொருத்தனையும் போச்சு. இன்னும் இரண்டே நாள், சமாளித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. பத்து எண்ணும் நேரம் போன பிறகுதான் உறைத்தது. ஏழு உயிர் கீழே நிற்கிறது, நான் மிச்ச நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேனே!

தன் வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தினார். "மாப்ள, எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லு. எனக்குக் கண்ணு இருட்டுது. பத்தொம்பது நாளா நான் பகல்ல சாப்பிடல."

தளம் காலியானது. கம்பிக் கட்டை அங்குலம் அங்குலமாக இறக்கினார். தரையில் அது உட்கார்ந்தபோது கைப்பிடி முழுக்க வியர்வை. இரண்டு பேர் சர்க்கரைத் தண்ணீரோடு ஏறி வந்து கைத்தாங்கலாக இறக்கினார்கள். மேலாளர் கண்டபடி திட்டி, ஒரு மாதம் கிரேன் பக்கமே வராதே என்றார். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்திருந்தது.

"நீங்க பட்டினி கிடந்தது உங்க இஷ்டம் மச்சான். கீழ நின்னது நாங்க" என்றார். சொல்லிவிட்டுத் தளத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். யாராவது சொல்லி அவளுக்குத் தெரியவரும் முன்னே தானே சொல்லிவிட வேண்டும் என்று, நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னார். உடனே சொல்லவில்லை, கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

மடித்துக்கொண்டிருந்த சட்டையை அவள் கீழே வைத்தாள். "எவ்வளவு நேரம்ணே?"

"ஒண்ணுலேர்ந்து பத்து எண்ணுற நேரம் இருக்கும்."

"அவர் கீழ நிக்கிறாருன்னு தெரிஞ்சுமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். கண் இருட்டிய மனுஷனை யார் போய்க் குறுக்கு விசாரணை செய்யப் போகிறார்கள்? இந்த ஒரு வார்த்தையில் தங்கை உறவே அற்றுப்போகும் என்று பயந்தார்.

"தெரிஞ்சுதான்மா" என்றார். பத்தொன்பது விடியலில் முழங்காலில் நின்று அவர் பேசியதில் இத்தனை பயந்து சொன்ன உண்மை ஒன்றுகூட இல்லை.