உப்புத் தண்ணிக்கு உப்பு

ஆவணி மாதத்துக் கடைசி வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் கழுவும் மிஷின் வந்தது. டைரியில் அப்படித்தான் இருக்கிறது. அதற்குக் கீழே, "தெற்குக் காற்று. ஏரியில் முழங்காலளவு தண்ணீர்" என்றும் எழுதியிருக்கிறேன். பொன்னேரியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவன் நான். தேதி போடாத தாளைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

உண்மையாகவே கை அரித்தது என் மனைவிக்கு. பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் தோணிரேவில் பலரைப் போல அவளும் ஏரியில் இறங்கி வெறுங்கையால் இறால் பிடிக்கிறவள். பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போவார்கள். இறால் கொம்பும் சிப்பி விளிம்பும் குத்திய கை, வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீரில் இறங்கும். அந்த ஆவணியில் விரலிடுக்கெல்லாம் வெடித்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். "மூன்று மாதம் ஏரியும் கூடாது, சோப்பும் கூடாது. சோப்பை விடாவிட்டால் ஏரியை மறந்துவிட வேண்டியதுதான்" என்றார் தோல் டாக்டர். பொன்னேரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

முதலில் நானே தேய்த்தேன், பத்து நாள். நான் ஆபீஸ் போனதும் கவிச்சி போகவில்லை என்று எல்லாவற்றையும் அவள் மறுபடி தேய்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் இருக்கும் என் தங்கைதான் காட்டிக்கொடுத்தாள். அன்றைக்கு எடுத்த முடிவுதான் மிஷின்.

பொருத்த வந்தவர் பழவேற்காட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும். மழைத் தண்ணீர் அடுப்படிக்குள் வரும் என்பதால் நாலு செங்கல் உயரத்தில் நாங்கள் கட்டியிருந்த மேடையில் மிஷினை ஏற்றி, போர் தண்ணீர்க் குழாயோடு இணைத்தார். மண்சட்டியும் அலுமினியமும் உள்ளே போகக் கூடாது, எவர்சில்வரும் பீங்கானும் போகலாம் என்றார். அதற்குள் கரண்ட் போய்விட்டது. ஒரு உப்புப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "கரண்ட் வந்ததும் அடியில இந்த மூடியத் தொறந்து இதக் கொட்டிட்டு ஓட்டுங்க சார்" என்று சொல்லிக் கிளம்பினார்.

தங்கை வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணி, மருமவ வர்றதுக்கு முன்னாடியே மிஷினு வந்துட்டுது!"

"வரட்டும். உங்க அண்ணன் மாதிரி எதுத்துப் பேசாதுல்ல" என்ற என் மனைவி, பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னாங்க இது? கடலு உப்பு, ஏரி உப்பு, நம்ம போர்ல வர்றதும் உப்புத் தண்ணி. இதுக்கு மேல இன்னும் உப்பா?"

அவள் கேட்டது கேள்வி. அதைத் தீர்ப்பாக்கியது நான். நாலு புத்தகம் படித்தவன் இல்லையா? தண்ணீரிலேயே உப்பு இருக்கும்போது மேலும் கொட்டினால் பாத்திரம் அரித்துவிடும் என்று விளக்கம் வேறு சொன்னேன். டைரியில், "உப்பு தேவையில்லை" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஒரு வாரத்தில் தட்டு, டம்ளர் எல்லாவற்றிலும் வெள்ளை படிந்தது. "கோடையில ஏரி வத்துனா உப்பு பூக்குமே, அது மாதிரி பூத்துக்கீதுங்க" என்றாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. நானும் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, அவள் மடித்து வைத்திருந்த என் வெள்ளைச் சட்டையை எடுத்தேன். காலரில் ஒரு ரத்தப் பொட்டு. பின்பக்கம் போய்ப் பார்த்தால், குழாயடியில் பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கட்டி பாதி கரைந்து கிடந்தது. மிஷின் கழுவிய தட்டுகளை அவள் மறுபடி கையால் தேய்த்திருக்கிறாள்.

மிஷின் பொருத்தியவருக்கு உடனே போன் செய்தேன். மிஷினைப் பற்றிச் சொன்னபோது, திங்கள்கிழமை வருகிறேன் என்றார். கையைப் பற்றிச் சொன்னதும், "நாளைக்கே வர்றேன்" என்றார். ஞாயிறு அவருக்கு விடுமுறை.

வந்ததும் முதல் கேள்வி, "உப்பு கொட்டுனீங்களா சார்?"

"தண்ணியே உப்புத் தண்ணிதானே?"

ஒரு தட்டை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "உங்க மேல தப்பு இல்ல சார். நம்ம பக்கம் நாக்குல கரிச்சாலும் உப்புத் தண்ணி, சோப்பு நுரைக்கலைன்னாலும் உப்புத் தண்ணி. ரெண்டுக்கும் ஒரே பேரு. இந்தத் தட்டுல கீறது உப்பே இல்ல, சுண்ணாம்பு. நக்கிப் பாருங்க."

நக்கினேன். கரிக்கவே இல்லை.

"தேதி போட்டு எழுதிக்கோங்க," என்றாள் மனைவி, "காலியான தட்ட நக்குனேன்னு."

ஒரு காகிதத் துண்டை எங்கள் தண்ணீரில் நனைத்து, சுண்ணாம்பால் அதன் நிறம் மாறியதைக் காட்டினார். கொட்டும் உப்பு பாத்திரத்துக்குப் போகாது, அடியில் இருக்கும் டப்பாவில் தங்கி, சுண்ணாம்பை அங்கேயே பிடித்து நிறுத்த உதவும் என்று அவளுக்குத்தான் விளக்கினார். என்னிடம் சொல்லவில்லை. பொட்டலத்தை அவளே கொட்டினாள். மத்தியானம் நண்டுக் குழம்பு. அவரையும் உட்காரவைத்தோம். அவர் சாப்பிட்ட தட்டு உள்ளே போய், ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தது. ஜன்னல் பக்கம் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். "சரி" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக அந்த மனிதருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்தவர், என் படிப்பைக் கேலி செய்யாமல் ஊர்ப் பேச்சின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனார். மிஷினுக்கும் நன்றிதான். அதன் வடிகட்டியில் சிக்கும் இறால் மீசையை எடுப்பது மட்டும் என் வேலை. சனிக்கிழமைதோறும் செய்கிறேன்.

டைரியில் அடிக்கோடிட்ட வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் "தவறு" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். நான் எழுதியதில் சரியானது எது, தவறானது எது என்று தெரியவேண்டுமே.

புரட்டாசியில் மறுபடி வெடித்ததால், மூன்று மாதக் கணக்கைப் புதிதாகத் தொடங்கச் சொன்னார் டாக்டர். மார்கழி பிறந்து இருபதாம் நாள், "இறங்கலாம்" என்றார். மறுநாளே விடியும் முன் பறியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைய பதிவு இது: "வாடைக் காற்று. இடுப்பளவு தண்ணீர். அரைப் பறி இறால். சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். தட்டை நான் எடுத்து உள்ளே வைத்தேன்."