அவருடைய நாய் எழுந்து நடந்தது

என் வீட்டுக்காரர் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இறந்தது ஒரு தை மாதத்தில். அடுத்து வந்த ஐப்பசியில் அவருடைய நாய்க்குப் பின்னங்கால்கள் வராமல் போயின.

அது செவலை நாய், நல்ல வயதானது. அவர் இருந்தவரை பகலில் அதை வீட்டில் பார்ப்பதே அரிது. அவர் எங்கே போனாலும் அவர் குதிகாலுக்குப் பின்னால் போகும். அவர் போனபிறகு அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த சாக்கில் படுத்துக்கொண்டது. ஐப்பசி, கொல்லிமலையில் மழையும் குளிரும் சேர்ந்து இறங்கும் மாதம். காலையில் முன்னங்கால்களை ஊன்றும், இடுப்பைத் தூக்கப் பார்க்கும், முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிடும். கத்தாது. என்னைத் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான்.

"நாம போடற வலி மாத்திரையில பாதி உடைச்சுச் சோத்துல வெச்சுடுங்க அண்ணி," என்றார் கொழுந்தனார்.

எனக்கு மனம் வரவில்லை. "டவுன்ல காட்டிடலாம் தம்பி. ஜீப்ப எடுங்க," என்றேன்.

அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும்வரை வளைவுக்கு வளைவு அது என் மடியில் வாய்நீர் வடித்துக்கொண்டு வந்தது. டவுனில் கால்நடை மருத்துவர் ஒரு பெண். மேசைமேல் அதைப் படுக்க வைத்து, ஒவ்வொரு காலாக மடக்கி நீட்டிப் பார்த்தார். இடுப்பில் கை வைத்ததும் நாய் உதட்டைச் சுருக்கியது.

"மூட்டுத் தேஞ்சிருக்குதுங்க. உள்ள வீக்கமும் இருக்குது. வீட்டுல மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"நல்லதுங்க. மனுசங்க மாத்திரையக் குடுத்தா வயிறு புண்ணாயிரும், கிட்னியும் கெட்டுரும்." சில நாட்களுக்கு வலி மருந்து எழுதிவிட்டு ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். "இது மருந்து இல்லீங்க, தீனியோட சேக்கற சத்துப் பொடி. கடல் சிப்பியக் காயவெச்சு அரைச்சது, மீன் எண்ணெயும் சேர்ந்திருக்குது. சில நாய்க்குக் கேக்கும், சிலதுக்குக் கேக்காது. உடனே ஒண்ணும் தெரியாது, பொறுத்துத்தான் பாக்கணும்."

சாமைச் சோற்றில் பொடியைக் கலந்து வைக்க ஆரம்பித்தேன். மூடியைத் திறந்தால் சமையலறை முழுவதும் கடல் வாசனை அடிக்கும். நாய் மட்டும் தட்டை நக்கித் துடைத்துவிட்டுப் படுக்கும். வெந்நீரில் துணி நனைத்து இடுப்பில் ஒற்றி எடுப்பேன். சோற்றின் அளவையும் குறைத்தேன், எடை கூடினால் மூட்டுக்குத்தான் பாரம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

மார்கழி பிறந்தபோது அது தடுமாறாமல் எழுந்தது. பிறகு வாசல்வரை போனது. ஒரு நாள் மத்தியானம் பார்த்தால் சாக்கு காலியாகக் கிடந்தது.

தேடிக் கிளம்பியபோது பக்கத்துக் காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெண் எதிரே வந்தாள். "அக்கா, உங்க நாய் அந்த மரத்தடியில நிக்குதுங்க. மேல அண்ணாந்து பாத்துட்டு வாலாட்டுது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு," என்றாள்.

எந்த மரம் என்று நான் கேட்கவில்லை. அவர் விழுந்த, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரம். அந்தப் பக்கம் நான் போவதையே விட்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பி, நாய் தானாக வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

அதன்பின் தினமும் போனது. விஷயம் கொழுந்தனாருக்கு எட்டியது. "அந்தப் பொடிய நிறுத்திடுங்க அண்ணி. இல்லீன்னா சொல்லுங்க, மரத்த வெட்டிப்போடறேன். இது நல்லதுக்கில்ல," என்றார்.

அவரிடம் சொல்ல முடியாத ஒன்று என் மனதில் இருந்தது. இறந்தபிறகு என் வீட்டுக்காரர் எல்லார் கனவிலும் வந்தார். கொழுந்தனார் கனவில் வந்து ஜீப்பில் ஏறினார். மரவள்ளிக்காட்டுப் பெண் கனவில்கூட வந்து தண்ணீர் கேட்டாராம். என்னிடம் வரவே இல்லை. எத்தனையோ நாள் அதற்காகவே கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன். இப்போது நாய்க்கு என்ன தெரிகிறது என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம்.

அடுத்த நாள் அது எழுந்ததும் நானும் பின்னால் போனேன். பனி இறங்கி மிளகுத் தோட்டம் பாதிதான் தெரிந்தது. நாய் மரத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தது. நானும் பார்த்தேன். கொடி மேலே போய்ப் பனிக்குள் மறைந்திருந்தது. யாரும் இல்லை. நாயின் வால் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு, மேலிருந்து ஒருவர் இறங்குவதைப் பார்ப்பதுபோல அதன் தலை மெல்லத் தாழ்ந்து வந்து நின்றது.

உடனே திரும்பி நடந்தது. ஓடவில்லை, முகரவில்லை. தனக்கு முன்னால் ஓர் ஆள் போகும் அளவுக்கு இடம் விட்டு நடந்தது. வழியில் ஊற்றுக்கரையில் நின்று, ஒருவர் கால் கழுவி முடிக்கும் நேரம் காத்திருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே கால் கழுவாமல் வீட்டுக்கு வந்ததே இல்லை. மறுபடி நடந்தது. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. "ஏனுங்க," என்றேன். நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது.

வீட்டு வாசலில் அது உள்ளே போகாமல் ஓரமாக ஒதுங்கி நின்றது. எப்போதும் அப்படித்தான், அவர் நுழைந்தபிறகுதான் அது நுழையும். சற்று நின்றுவிட்டு உள்ளே போய்ச் சாக்கில் படுத்தது. நான் வெளியிலேயே வெகுநேரம் நின்றேன். உள்ளே போனபோது வீடு காலையில் இருந்ததுபோலத்தான் இருந்தது. ஆனாலும் அடுப்புப் பக்கம் போக வேண்டியவள் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டுதான் போனேன், யாருக்கோ வழி விடுவதுபோல.

அந்த வாரமே கொழுந்தனார் மரம் அறுக்கும் மெஷினோடு வந்தார். "வேண்டாம் தம்பி," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். காப்பியைக் குடித்துவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தையில் மற்ற மரங்களில் எல்லாம் மிளகு பறித்தோம். அந்த மரத்தில் மட்டும் நான் ஆளை ஏற்றவில்லை.

பொடி தீரப்போனபோது மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"இப்ப எப்படிங்க இருக்குது? நடக்குதா?"

"நடக்குதுங்க."

"தனியாவே போகுதுங்களா, கூட யாராச்சும் போகணுமா?"

நாய் அப்போதுதான் சாக்கிலிருந்து எழுந்து உடம்பை நீட்டி முறித்துக்கொண்டிருந்தது.

"கூட ஆள் இருக்குதுங்க," என்றேன்.

"அப்பச் சரிங்க. நிறுத்தாமக் குடுங்க," என்றார் அந்த அம்மா.