அம்மாவுக்குப் பனி பூட்ஸ் தேடிய வாரம்

புது ரப்பரும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாசனை; மைசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த செருப்புக் கடைக்குள் காலை வைத்ததும் அது மூக்கில் ஏறிக்கொள்ளும், வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகும் போகாது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், பொங்கல் முடிந்த அந்த ஒரு வாரம் முழுக்க எனக்கு அந்த வாசனையோடுதான் நினைவிருக்கிறது.

என் அம்மா மாதம்மா ஹனூர்ப் பக்கத்துக்காரி. காட்டு விலங்குகளை ஆராயும் ஒரு குழுவுக்கு வருஷத்தில் பாதி நாள் முகாமில் சமைத்துப் போடுவாள். பாலாற்றங்கரைக் காட்டில் மழையில் நனைந்த விறகை வைத்துக்கொண்டும் பன்னிரண்டு பேருக்கு நேரத்துக்குச் சோறு இறக்கிவிடுவாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பெயர்தான் ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் வந்து நின்றது. குழுவின் தலைவியை நாங்கள் ‘மேடம்’ என்போம். இமயமலையில் பனிச்சிறுத்தையைத் தேடி நாற்பது நாள் போகிறோம், நீயும் வருகிறாயா என்று அவர் கேட்க, அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, அப்பாவைத் திரும்பிப் பார்த்து, இரண்டு பேரும் வாயைத் திறப்பதற்குள் “வாறனுங்க மேடம்” என்று சொல்லிவிட்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. முந்தைய வருஷம் வந்த சமையல்காரருக்குக் கால்விரல்கள் பனியில் விறைத்துப்போய், மூன்றாம் நாளே அவரைக் கீழே இறக்கவேண்டி வந்ததாம். ஆகவே தண்ணீர் புகாத, உள்ளே கனத்த கம்பளி வைத்த, முழங்காலுக்குக் கீழ்வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம் வேண்டும். திங்கட்கிழமைக் காலை ரயில். அதற்குள் அது கிடைக்காவிட்டால் வேறு ஆளைத்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கும் என்று மேடம் வருத்தத்தோடு, ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“அம்மா வேட்டைக்குப் போகுது!” என்று நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். துப்பாக்கி இல்லாத வேட்டை, கேமராவால் பிடிக்கிற வேட்டை என்றெல்லாம் விளக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

அப்பா கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர். கான்கிரீட் போடும் நாளில் மாட்டுகிற தன் ‘கம் பூட்ஸை’ எடுத்துவந்து அம்மா முன்னால் வைத்தார். சிமெண்ட் காய்ந்து யானைத்தோல் மாதிரி இருந்த அதை நாங்கள் மூவரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டோம். மறுநாள் தொடங்கி, பள்ளி விட்டதும் நானும் அம்மாவும் கடைகடையாக ஏறினோம். மார்க்கெட்டைச் சுற்றியிருந்த கடைகளில் தோட்டத்துக்கு, மாட்டுக் கொட்டகைக்கு, கட்டடத்துக்கு என்று மெல்லிய ரப்பர் பூட்ஸ் எவ்வளவோ இருந்தன. கம்பளி வைத்தது ஒன்றுகூட இல்லை. ஒரு கடைக்காரர், “மைசூரல்லி ஹிம எல்லி பீளுத்தம்மா?” என்று, மைசூரில் பனி எங்கே விழுகிறது என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமைதான் அந்தச் சந்துக் கடையைக் கண்டுபிடித்தோம். வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வந்து விற்காமல் தேங்கிய சரக்கை வாங்கி விற்கிறவர் அதன் முதலாளி. ஏணியில் ஏறி, பரணிலிருந்து தூசியோடு இரண்டு பெட்டிகளை இறக்கினார். ஒன்றில் பழுப்பு நிற பூட்ஸ், விளிம்பில் முயல்குட்டி மாதிரி வெள்ளை ரோமம். அம்மாவின் காலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாக ஏறியது. இன்னொன்று பாசி நிறத்தில், தவலை மாதிரி அகன்று, உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கும் தடித்த கம்பளி உறையோடு இருந்தது. ஆண்கள் அளவு வேறு. அதன் பெட்டிமேல் துப்பாக்கியும் கையுமாக ஒருவன் பனியில் நிற்க, வாத்துகள் பறந்துகொண்டிருந்தன. குளிர்நாட்டில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கானதாம்.

“இது ராட்சசன் பூட்ஸ்மா, பழுப்பே எடு” என்று குதித்தது நான்தான். அம்மாவும் கண்ணாடியில் தன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாள். பழுப்பையே வாங்கினோம்.

அப்பாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அவருடைய நண்பர் குமாரண்ணன் நஞ்சன்கூடு சாலையில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவர். உறைந்த பட்டாணி வைக்கும் அறையில் பனிமலைக் குளிர் இருக்கும் என்று அவர் சொன்னதால், சனிக்கிழமை மத்தியானம் எங்கள் குடும்பமே அங்கே போய் நின்றது. வெளியே வெயில் சுள்ளென்று அடிக்க, அம்மா இரண்டு சோடி கம்பளிக் காலுறையும் அப்பாவின் ஸ்வெட்டரும் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பழுப்பு பூட்ஸோடு அந்தக் கனத்த கதவுக்குள் போனாள். வெள்ளைப் புகை என் முழங்காலில் மோதிக் கதவு மூடியது. கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நான் கை ஆட்டினேன். உள்ளிருந்து அவளும் ஆட்டினாள். பிறகு ஆட்டுவதை நிறுத்தினாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து பூட்ஸைக் கழற்றியபோது அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. தொட்டால் தெரியவில்லை என்றாள். அப்பா அந்தக் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், “போதும் புள்ள. சமையல் வேலைக்காகக் காலைக் குடுக்க வேண்டாம்” என்றார். நான் தேர்ந்தெடுத்த பூட்ஸ் அது.

பஸ் பாதி வழி வந்திருந்தது. திடீரென்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, சோத்துப் பாத்திரத்தைக் கோணிக்குள்ள வெக்கறப்போ சுத்தியும் வைக்கோலை லூசாத்தானே போடுவேன்? அமுக்கித் திணிச்சா சூடு நிக்காது. இது காலை இறுக்கிப் புடிச்சிருக்குது, விரலை அசைக்கக்கூட எடமில்லை. அந்தப் பச்சைதான் சரி.”

அப்பா அவளையே பார்த்தார். “கடை எப்போ சாத்துவான்?” என்றார்.

அவ்வளவுதான். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே நான் படிக்கட்டில் இருந்தேன். மூன்று பேரும் ஓடினோம். பழுப்புப் பெட்டி அப்பாவின் கக்கத்தில் இடித்துக்கொண்டு வந்தது. சந்து முனையிலேயே தெரிந்தது, ஷட்டர் பாதிக்கு இறங்கியிருந்தது. சனிக்கிழமை சீக்கிரமே சாத்திவிடுவார் போல; மறுநாள் ஞாயிறு, கடை விடுமுறை. நான் யாருக்கும் காத்திராமல் குனிந்து அதற்கடியில் புகுந்து, “அங்கிள், ராட்சசன் பூட்ஸ் இதெயா?” என்று தெரிந்த கன்னடத்தில் கத்தினேன். கல்லாவைப் பூட்டிக்கொண்டிருந்த மனிதர் திடுக்கிட்டு, அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்து, “இதெ, இதெ” என்று, இருக்கிறது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஏணியில் ஏறினார். மறு பேச்சில்லாமல் மாற்றியும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை மறுபடி அந்தக் கதவு மூடியது. பத்து நிமிஷம். இருபது. அப்பா கடிகாரத்தைப் பார்ப்பதும் கண்ணாடியில் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். உள்ளே அம்மா பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே அங்குமிங்கும் நடந்தாள்; கொஞ்சம் நேரம் போனதும், சத்தியமாகச் சொல்கிறேன், ஆடினாள். முக்கால் மணி நேரம் கழித்து புருவத்தில் வெள்ளையாய்ப் பனித்துகள் ஒட்டியிருக்க வெளியே வந்து, ஒரு பூட்ஸைக் கழற்றி என் கையைப் பிடித்து உள்ளே விட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் மேல்துணியைத் தொட்டது மாதிரி கதகதவென்று இருந்தது. நான் போட்ட கூச்சலில் குமாரண்ணன் தலைச்சுமையோடு ஓடி வந்தார்.

மறுநாள், பையில் அடங்காததால் பூட்ஸை மாட்டிக்கொண்டே அம்மா ரயிலேறினாள். மைசூர் ஸ்டேஷனே அவள் காலைப் பார்த்தது.

மலையில் பதினேழாம் நாள் விடியும் நேரத்தில், அடுப்பு பற்றவைக்க எழுந்த அம்மாதான் எதிர்ச்சரிவில் முதன்முதலில் பனிச்சிறுத்தையைப் பார்த்தாள். பாறையே வாலை அசைத்ததுபோல் இருந்ததாம். மற்றவர்களைக் கூப்பிட்டால் ஓடிவிடும் என்று அப்படியே நின்றாள். அவர்களாக எழுந்து கேமராவோடு தவழ்ந்து வரும்வரை, முழங்கால் பனியில் அரை மணி நேரம் அசையாமல் நின்றிருக்கிறாள். தொலைபேசியில் இதைச் சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் இங்கே கட்டிலின்மேல் ஏறிக் குதித்தேன்.

அந்தச் சந்தை இடித்து அகலமாக்கிவிட்டார்கள். கடை இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். பட்டாணிக் கிடங்கு கல்யாண மண்டபமாகிவிட்டது. செருப்பு வேண்டுமென்றால் என் விரல் போனில் தேய்க்கிறது, மறுநாள் வாசலில் பெட்டி இருக்கிறது. அந்தப் பாசி நிற பூட்ஸும் எங்களிடம் இல்லை. அடுத்தடுத்த வருஷமும் அம்மா மலைக்குப் போனாள்; மூன்றாம் வருஷ முகாம் முடிந்து சாதாரண கான்வாஸ் ஷூவோடு வந்து இறங்கினாள். முகாமுக்குத் தண்ணீர் சுமந்து வரும் மலையூர்ப் பெண் ஒருத்தி, கிழிந்த ஷூவுக்குள் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நடப்பாளாம். கிளம்பும் அன்று அவளிடம் கழற்றிக் கொடுத்துவிட்டாள். பள்ளியில் காட்ட வேண்டும் என்று காத்திருந்த நான் பிளாட்பாரத்திலேயே சண்டைக்குப் போனேன். அம்மா என் தோளில் பையை மாட்டிவிட்டு நடந்துகொண்டே சொன்னாள்:

“அங்க இன்னும் நாலு மாசம் பனி கெடக்குது, கண்ணு. நாந்தான் ஊருக்கு வந்துட்டேனே.”