கருப்பட்டித் தொட்டி

எங்கள் வீட்டு அடுக்களையின் கிழக்குச் சுவர் ஏனைய சுவர்களைவிட நான்கு விரல் தடிப்பு மிகுந்தது. வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் எண்ணத்தில் அண்மையில் அளவெடுக்க வந்த இளம் பொறியாளர், நாடாவை இருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தச் செவுரு மட்டும் ஏன் மேடம் இவ்ளோ திக்கா இருக்குது?" என்று வினவினார். என் தம்பி முந்திக்கொண்டு, "யானை இடிச்சதுங்க. அப்பா திருப்பிக் கட்டுனாரு" என்று பெருமையோடு விடையளித்தான். யானை இடித்தபோது அவன் பிறந்திருக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த யானைகளின் வருகையில் எனக்குள்ள பங்கை அப்பா மறையும்வரை அவரிடமும் நான் கூறியதில்லை.

ஓசூரில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்த காலம் அது. நெல்லைச் சீமையிலிருந்து கடைசல் இயந்திரப் பணிக்கு வந்த அப்பா, அம்மாவையும் என்னையும் ஓர் ஒற்றை அறை வாடகை வீட்டில் குடியமர்த்தியிருந்தார். இரண்டாம் ஆண்டில் அம்மா கருவுற்றார். பிள்ளை பெற்றவளைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, தீட்டு என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகக் கூறிவிட்டார். அம்மாவுக்குத் தாய்வீடு என்று ஒன்று எஞ்சியிருக்கவில்லை. போக்கிடம் ஊரில் பெரியப்பா வீடு ஒன்றுதான்.

அந்த வீட்டின் புதுமனை புகுவிழாவை அம்மாவால் மறக்க இயலவில்லை. அன்று கோவில் யானை வந்தது. நெற்றிப்பட்டமும் கழுத்துமணியுமாக வாசலில் நின்று, துதிக்கையை உயர்த்தி வீட்டை வாழ்த்தியது. என் கையிலிருந்த வாழைப்பழத்தை எனக்கு வலிக்காமல் வாங்கிக்கொண்டது. அந்த விழாவில்தான் அம்மாவை முதல் பந்தியிலிருந்து எழுப்பி, இலையெடுக்கும் வேலைக்கு அனுப்பினார்கள்.

"எம் புள்ள அந்த வீட்டுல வந்து கெடக்கக் கூடாது. ஓலக் குடிசைன்னாலும் நம்ம வீடா இருக்கட்டும்" என்றார் அம்மா.

"அதுக்கு முன்ன கட்டிருவோம். யானை வந்து நிக்கிற மாதிரிக் கட்டுதேன் பாரு" என்றார் அப்பா.

"யானையா? நமக்கு ஒரு பூனை வந்து எட்டிப் பாத்தாலே பெருசு!"

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் அந்தச் சொல் என் மனத்தில் தைத்தது. நம் வீட்டுக்கும் ஒரு யானை வந்தாக வேண்டும் என்று அன்றே நான் முடிவு செய்துகொண்டேன்.

சானமாவுக் காட்டுப் பக்கம் செல்லும் சாலையில், கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே அப்பா மனை வாங்கியிருந்தார். வீட்டின் வரைபடத்தைத் தொழிற்சாலைத் தாளில் மில்லிமீட்டர் பிசகாமல் தாமே வரைந்தார். ஊரிலிருந்து அவர் வரவழைத்த கொத்தனாரோ, தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மில்லியெல்லாம் இரும்புக்குச் சரி அண்ணாச்சி. செங்கலுக்கு அடிதான். அதுலயும் ஒம்பதடி அடுக்களை ஆகாது, பத்தாக்கிருங்க."

"எடம் எங்கவே இருக்கு?"

"கூடத்துல ஓரடியப் புடுங்குங்க. கூடத்துல என்ன, கச்சேரியா வைக்கப் போறீக?"

கூடம் ஓரடி சுருங்கியது. அடித்தளத்துக்கு வானம் தோண்டி, கருங்கல் கடைக்கால் போட்டு, சுவர்கள் எழும்பத் தொடங்கின. சிமென்டு அரசு அனுமதிச் சீட்டுக்கு மட்டுமே கிடைத்த காலம் அது. கிடைத்த மூட்டைகள் மேல்தளத்துக்கே போதுமானவை. எனவே சுவருக்குச் சுண்ணாம்புக் காரை என்று முடிவாயிற்று. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்தால் சுவர் பாறையாக இறுகும் என்பது எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த முறை. கருப்பட்டி ஊரிலிருந்து ஓலைக் கொட்டான்களில் வந்து இறங்கியது. அடுக்களையின் கிழக்குச் சுவரை ஒட்டி இரண்டு செங்கல் தொட்டிகளைக் கட்டி அதை ஊறப்போட்டார்கள். சில நாட்களில் நீர் நுரைத்துப் புளித்து, சாலைவரை மணத்தது. நான் விரல் தோய்த்துச் சுவைத்துப் பார்ப்பேன். இனிப்பாகத் தொடங்கித் துவர்ப்பாக முடியும்.

கட்டடத்துக்கு வேண்டிய தண்ணீரை அடுத்த கொல்லைக்காரர் தம் கிணற்றிலிருந்து கைம்மாறு கருதாமல் தந்தார். அறுபது வயது மதிக்கத்தக்கவர். தெலுங்கு மட்டுமே பேசுவார். தொழிற்சாலைக்குள்ளேயே காலம் கழித்த அப்பாவுக்குத் தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாது, கொத்தனாருக்கும் தெரியாது. பள்ளித் தோழிகளோடு பழகி எனக்கு அது வந்துவிட்டிருந்தது. ஆகவே இரு தரப்புக்கும் இடையே நானே மொழிபெயர்ப்பாளர். அந்தப் பதவியில் எனக்கிருந்த செருக்கு கொஞ்சமன்று.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அப்பா சாரத்தின்மேல் நின்று கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலையில் புற்கட்டோடு வேலியோரம் வந்த கொல்லைக்காரர், மணத்தை முகர்ந்து, தொட்டியைப் பார்த்துத் திகைத்தவராய் என்னை அருகழைத்தார். "ஏனுகுலு ஒஸ்தாயி, தல்லி" என்றார். யானைகள் வரும், தாயே என்பது பொருள். கேழ்வரகு முற்றும் பருவத்தில் அவை காட்டிலிருந்து இறங்கும், இந்த மணம் அவற்றை நேரே இங்கே கொண்டுவந்துவிடும், தொட்டியை இன்றே மூடிப் புதைத்துவிடுமாறு உன் தந்தையிடம் சொல் என்றார்.

மேலேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "என்னளா சொல்லுதாரு?"

யானைகள் வரும்! அழைக்காமலே வரும்! நான் கண்ட யானை ஒன்றே ஒன்றுதான். அது மணி கட்டியிருந்தது, வாழைப்பழத்தை மென்மையாக வாங்கிக்கொண்டது. சொன்னால் அப்பா தொட்டியை மூடிவிடுவார், யானை வராது. அம்மாவின் முகம் மலர்வதை நான் காண முடியாது.

"தண்ணி இன்னும் வேணும்னாலும் எடுத்துக்கிடச் சொல்லுதாருப்பா."

அப்பா சாரத்தில் நின்றபடியே இரு கைகளையும் கூப்பினார். தம் எச்சரிக்கை ஏற்கப்பட்டது என்று கருதிய கொல்லைக்காரரும் மனநிறைவோடு தலையசைத்துச் சென்றார். மறுநாள் மாலை தொட்டி மூடப்படாததைக் கண்டு, "செப்பினாவா, தல்லி?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அன்று வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த இரண்டு வாழைப்பழங்களைத் தொட்டியோரம் ஒரு செங்கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

நான்கு நாட்கள் கழிந்தன. ஐந்தாம் நாள் விடியலில் இரவுப் பணி முடித்து வந்த அப்பா, வழக்கம்போல் என்னை மிதிவண்டியின் முன்கம்பியில் அமர்த்திக்கொண்டு மனைக்குப் புறப்பட்டார். பனி மூட்டம் கண்ணை மறைத்தது. மனைக்கு அருகே வந்ததும் அப்பா வண்டியைச் சட்டென நிறுத்தினார். அவருடைய மூச்சு என் உச்சந்தலையில் பட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுபோனதை உணர்ந்தேன்.

கிழக்குச் சுவர் இல்லை. அது நின்ற இடத்தில் செங்கற்கள் சிதறிக் கிடந்தன. தொட்டிகள் இரண்டும் நொறுங்கியிருந்தன. சாரத்தின் மூங்கில்கள் கரும்புச் சக்கைபோல் பிளந்து கிடந்தன. சேற்றில் பதிந்த சுவடுகளில் நீர் தேங்கியிருந்தது. ஒரு சுவட்டுக்குள் என் இரு கால்களையும் வைத்து நிற்கலாம். நான் வைத்த பழங்கள் சேற்றோடு சேறாக மிதிபட்டிருந்தன. கூரையில்லாத அந்த அடுக்களையில்தான் கொத்தனார் படுத்துறங்குவது வழக்கம். அவருடைய போர்வை பாதிக்குமேல் கற்குவியலுக்குள் புதைந்திருந்தது. அவருடைய பித்தளைத் தூக்குப்பாத்திரம் தட்டாக நசுங்கிக் கிடந்தது.

"ஏலே! ஏலே மாப்ளே!" என்று அப்பா கத்தினார்.

மிதிவண்டியைக் கீழே போட்டுவிட்டு அவர் கற்களைக் கைகளால் அள்ளி எறியத் தொடங்கினார். நகங்கள் பிய்ந்து குருதி வழிந்ததை அவர் அறியவில்லை. நான் மிதிவண்டி விழுந்த இடத்திலேயே நின்றிருந்தேன். அந்தக் கற்களுக்கடியில் ஒரு மனிதர் கிடக்கிறார், அவரை அங்கே கிடத்தியவள் நான் என்னும் ஒன்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அறுபதைக் கடந்த இவ்வயதிலும், எங்கேனும் லாரி செங்கல்லைக் கவிழ்த்துக் கொட்டும் ஓசை கேட்டால், அடியில் எவரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

செங்கல் வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து அப்பாவோடு கல் எடுத்தார். "இந்த மாசத்துல சானமாவுலர்ந்து யானை எறங்கும்னு சின்னப் புள்ளைக்குக்கூட தெரியுமேங்க! வெல்லத்த ஊறப்போட்டுட்டு இப்படித் தொறந்து வெப்பாங்களா? உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியா?" என்று புலம்பினார். சின்னப் பிள்ளை பக்கத்திலேயே நின்றிருந்தது.

அப்போது, "அண்ணாச்சி!" என்றொரு குரல் எழுந்தது.

பனிக்குள்ளிருந்து கொத்தனார் கம்பளி போர்த்தபடி ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் கொல்லைக்காரர் வந்தார். அப்பா கையிலிருந்த கல்லை நழுவவிட்டு அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார்.

"எங்கவே போய்த் தொலஞ்சீரு?"

"இந்தப் பெரியவரு நாலு நாளா சாயங்காலம் ஆனாப் போதும், கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருதாரு அண்ணாச்சி. களி குடுத்தாரு, கம்பளி குடுத்தாரு, அவரு வீட்டுலயே படுக்க வச்சாரு. குளுருக்குத்தான் கூப்புடுதாருன்னு நெனச்சேன்! யானை வந்த சத்தம் கேட்டு வெளிய ஓடப் பாத்தேன். உட மாட்டேன்னுட்டாரு."

உயிர் மீண்ட களிப்பு அப்பாவின் முகத்தில் ஒரு கணம் தோன்றி மறைந்தது. அவர் மெல்ல எழுந்து, இடிந்த சுவரையும் கொல்லைக்காரரையும் மாறிமாறிப் பார்த்தார். தை பிறக்குமுன் மேல்தளம் போட்டாக வேண்டும், மாசியில் பிள்ளைப்பேறு. அந்தக் கணக்கு முழுவதும் அவர் முகத்தில் கறுத்துத் திரண்டது.

"கேளு இவருகிட்ட" என்று என்னை இழுத்து முன்னே நிறுத்தினார். "கொத்தனாரக் காப்பாத்தத் தெரிஞ்சிருக்கு. யானை வரும்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தெரியலையா? எம் பொஞ்சாதி புள்ளயப் பெத்துட்டு எங்க வந்து படுப்பா? கேளு!"

வேறு வழியில்லை, கேட்டேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இனி அவர் உண்மையைக் கூறுவார், அதையும் நானே அப்பாவுக்குத் தமிழில் கூறவேண்டும்.

கொல்லைக்காரர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவின் குருதி கசியும் விரல்களைப் பார்த்தார். என் தலைமேல் கைவைத்து, அப்பாவை நோக்கி, "மரிச்சிபோயினானு" என்றார்.

"என்ன சொல்லுதாரு?"

"மறந்துட்டாராம்பா."

என் நெஞ்சில் அப்படியொரு நிம்மதி பரவியது. வயதானவர், பாவம், என்னிடம் கூறியதையே மறந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்பா அன்றோடு அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தொடவில்லை. பீப்பாய் வண்டியில் தொலைவிலிருந்து நீர் வந்தது. வராத நாட்களில் வேலை நின்றது. இனி எந்த யானையும் அசைக்கக் கூடாது என்று கிழக்குச் சுவரை முன்னைவிட நான்கு விரல் கூடுதல் தடிப்பாக எழுப்பச் செய்தார். தையும் கடந்தது, மாசியும் வந்தது, மேல்தளம் வரவில்லை. நிறைமாதத்தில் அம்மாவை ஊருக்கு ரயிலேற்றிவிட்டோம். பெட்டியின் சன்னலோரம் அமர்ந்திருந்த அம்மா எங்கள் இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி பெரியப்பா வீட்டில்தான் கண்விழித்தான்.

ஆவணியில் எங்கள் புதுமனை புகுவிழா நடந்தது. தொழிற்சாலை நண்பர்களும் செங்கல் வண்டிக்காரரும், தீட்டென்று கூறிய பழைய வீட்டுக்காரருங்கூட வந்து உண்டு வாழ்த்தினர். பால் பொங்கியது. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுக்களைச் சன்னலருகே நின்றிருந்த அம்மா, வேலிக்கப்பால் பார்த்தார். கொல்லைக்காரர் தம் கிணற்றடியில் வெள்ளை வேட்டி உடுத்தி, எங்கள் வீட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"ஏங்க, அந்தப் பெரியவரு ஏன் வரல?" என்று அம்மா கேட்டார்.

அப்பா பந்தியைக் கவனிக்கச் சென்றுவிட்டார்.

அம்மாவின் புடவையைப் பற்றி இழுத்து நான்தான் விளக்கம் அளித்தேன். "அவருக்கு மறதி ஜாஸ்திம்மா. இன்னிக்கு நம்ம வீட்டு விசேசம்ங்கிறதயும் மறந்திருப்பாரு."